சொல்லாலும் பொங்கலும்

காலையில் வாசல் மரத்தில் காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்று தமிழ்நாட்டு வீடுகளில் சொல்வோம். காலையில் முற்றத்து மரத்தில் கச்சி கத்தினால் மனத்துக்கு உகந்த விருந்தாளி வருவார் என்று கொரிய வீடுகளில் சொல்வார்கள். கச்சி என்பது கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு திரியும் மேக்பை பறவை. அதுவும் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் நம்பிக்கையின் பழமைக்குக் குறுந்தொகையின் 210ஆம் பாட்டு சாட்சி. தலைவன் திரும்பி வந்துவிட்டான். அதற்குக் காரணம் நானல்ல, முன்கூட்டியே கரைந்து சொன்ன காக்கைதான், நெய்ச்சோற்றை ஏழு கலத்தில் ஏந்தினாலும் அதற்குப் போதாது என்கிறாள் தோழி. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

குளிர்காலத்தில் உறவினரைத் தேடிப் போகும் இரண்டு பண்டிகைகளான கொரியாவின் ஆண்டுப் பிறப்பான சொல்லாலையும் நம் பொங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னைத் தூண்டியவை இந்த இரண்டு பறவைகள்தாம். சொல்லாலுக்கு முந்திய நாளைக் கொரியர்கள் ‘கச்சியின் சொல்லால்’ என்கிறார்கள். பொங்கலுக்கு மறுநாள் கனுவன்று, சில சமூகத்துப் பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்று உருண்டைகளை வைத்துக் காக்கையை அழைக்கிறார்கள். அங்கே பறவைக்கு ஒரு நாள். இங்கே பறவைக்கு ஒரு பிடி. அந்தப் பிடிக்கும் கொரியாவில் இணை உண்டு. இலையுதிர்காலத்தில் சீமைப்பனிச்சை மரத்தின் உச்சிக் கிளையில் சில பழங்களைப் பறிக்காமல் விட்டுவைப்பார்கள். அதற்குப் பெயர் ‘கச்சிபாப்’, அதாவது கச்சிச் சோறு. பாப் என்ற கொரியச் சொல்லுக்குச் சோறு என்றும் பொருள், சாப்பாடு என்றும் பொருள். நம் ‘சோறு’ போலவே.

ஆனால் ஒற்றுமை அந்த மரத்தோடு நின்றுவிடுகிறது. நமக்கு விருந்தைச் சொல்வதும் முன்னோராய் வருவதும் ஒரே காகம். கொரியருக்கோ நல்ல சேதி சொல்வது கச்சி. காகம் அங்கே அபசகுனம். நாம் ஒரே பறவையிடம் ஒப்படைத்த வேலையை அவர்கள் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நாம் பிரித்து வைத்ததை அவர்கள் ஒன்றாகக் கட்டியிருக்கும் இடங்களும் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

ஓர் எச்சரிக்கையை முன்பே சொல்லிவிடுவது நல்லது. தமிழையும் கொரிய மொழியையும் சேர்த்துப் பேசினாலே ‘அம்மா’, ‘அப்பா’ என்ற சொற்களில் தொடங்கி, கடல் கடந்து கொரியாவுக்குப் போனதாகச் சொல்லப்படும் இளவரசியில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் எழுதி சியோலில் வெளியிட்டார். இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்பதில்லை. நானும் அதைத் தேடி வரவில்லை. ஒருவரையொருவர் அறியாத இரண்டு வீடுகளில் அடுப்பு ஒரே மூலையில் இருப்பதைக் காணும்போது வரும் மகிழ்ச்சி, அவர்கள் பங்காளிகள் என்று நிரூபிப்பதில் வருவதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். பெயரிலேயே அப்படி ஒரு தற்செயல் இருக்கிறது. அந்தப் பண்டிகையின் பெயரைத் தமிழில் எழுதினால் ‘சொல்லால்’ என்றே வருகிறது. வாழ்த்துச் சொல்லையே நடுவில் வைத்திருக்கும் ஒரு நாளுக்கு நம் எழுத்தில் அப்படி ஒரு பெயர் அமைந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் நாட்கணக்கு. பொங்கல் சூரியனைப் பார்த்து வருகிறது. சொல்லால் அமாவாசையைப் பார்த்து வருகிறது. ஆகவே பொங்கல் ஜனவரி 14, 15ஐ விட்டு அசைவதில்லை. சொல்லாலோ ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே அலைகிறது. இப்படிப் பார்த்தால் இரண்டும் சந்திக்க வழியே இல்லை. ஆனால் பஞ்சாங்கத்தைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தென்படும். 2025இல் சொல்லால் ஜனவரி 29. நம் தை அமாவாசையும் அதே நாள். 2024இல் அவர்களுக்குப் பிப்ரவரி 10, நமக்குப் பிப்ரவரி 9. 2023இல் அவர்களுக்கு ஜனவரி 22, நமக்கு ஜனவரி 21. மூன்று ஆண்டுகளும் ஒரே நிலவு மறைவைத்தான் இரு நாட்டவரும் கும்பிட்டிருக்கிறோம். 2026இல்தான் பிரிந்தோம்: நம் தை அமாவாசை ஜனவரி 18லேயே வந்துவிட, சொல்லால் பிப்ரவரி 17க்குத் தள்ளிப்போனது.

இது வெறும் நாள் பொருத்தமாக எனக்குப் படவில்லை. சொல்லால் காலையில் கொரியர்கள் முதலில் செய்வது முன்னோருக்கான படையல். மேசையில் சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளை மேற்கே என்று திசை பார்த்து வரிசை வைத்து, கும்பிட்டு, பிறகு கல்லறைக்கும் போய் வருகிறார்கள். தை அமாவாசைக் காலையில் ராமேசுவரத்து அக்னி தீர்த்தத்திலும் காவிரிப் படித்துறைகளிலும் எள்ளும் நீரும் இறைத்து, வீட்டுக்கு வந்து இலை போட்டுக் காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவது நாம். ஆக, சொல்லாலுக்கு நேர் எதிரே பொங்கலை மட்டும் வைத்தால் தராசு சாய்ந்துவிடும். தை அமாவாசையையும் சேர்த்து வைத்தால்தான் தட்டு நேராகும். போகியன்று வேட்டி சேலை வைத்து முன்னோருக்குப் படைக்கும் வீடுகள் நம்மிடமும் உண்டு என்றாலும், பொதுவாக உயிரோடிருப்பவர்களைக் காணும் நாளையும் போய்ச் சேர்ந்தவர்களை நினைக்கும் நாளையும் நாம் தை மாதத்துக்குள் விலக்கி வைத்திருக்கிறோம். கொரியர்களோ இரண்டையும் ஒரே காலையில் கட்டியிருக்கிறார்கள். இறந்த தாத்தாவுக்குக் குனிந்த முதுகு நிமிர்வதற்குள், உயிரோடிருக்கும் பாட்டிக்கும் குனிகிறது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பட்டவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்களுக்கு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்குக் கண் கொட்டாமல் உட்கார்ந்தும் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறோம். கொரிய ரயில்வேயோ சொல்லால் சீட்டுகளுக்கென்று தனி விற்பனை நாட்களையே அறிவித்து, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னதாகவே நாள் ஒதுக்குகிறது. இங்கே கிளாம்பாக்கத்தைத் தாண்டிப் பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் ஊர்கின்றன. அங்கே 2017 முதல், கொரோனா ஆண்டுகள் நீங்கலாக, பண்டிகை நாட்களில் விரைவுச்சாலைக் கட்டணமே கிடையாது. ஆனாலும் வண்டிகள் ஊரத்தான் செய்கின்றன. வேறுபாடு அளவில் இருக்கிறது. சியோலிலும் அதைச் சுற்றியும் அந்த நாட்டு மக்களில் பாதிப் பேர் வாழ்கிறார்கள். சென்னை வெறிச்சோடினால் ஒரு நகரம் வெறிச்சோடுகிறது. சியோல் வெறிச்சோடினால் பாதி நாடே இடம் பெயர்கிறது.

போய்ச் சேர்ந்தாயிற்று. இனி என்ன பேசுவது? இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

பொங்கலன்று நாம் ‘நல்வாழ்த்துகள்’ என்று அச்சில் போட்டுக்கொள்கிறோம். ஆனால் தெருவில் எதிர்ப்படுபவரையும் தொலைபேசியில் அழைக்கும் அத்தையையும் கேட்பது வேறு: “பால் பொங்கிச்சா?” பதில், “பொங்கிச்சு, உங்க வீட்ல?” இதில் ‘நலம் பெருகட்டும்’ என்ற வேண்டுதல் இல்லை. பெருகிவிட்டதா என்ற விசாரிப்புதான் இருக்கிறது. வாழ்த்து இறந்தகாலத்தில் நடக்கிறது.

கொரியாவில், தரையில் மண்டியிட்டுக் குனிந்து செய்யும் செபே வணக்கமே இளையவரின் வாழ்த்து. அதற்குப் பதிலாக மூத்தவர் சொல்லும் நற்சொல்லுக்குத் ‘தொக்தாம்’ என்று பெயர். இன்று அது ‘இந்த ஆண்டு நல்வாய்ப்பு நிறையப் பெறு’ என்ற வடிவில் வழங்குகிறது. பழைய தொக்தாமின் இலக்கணமோ வேறு. ‘உனக்குப் பிள்ளை பிறக்கட்டும்’ என்று சொல்வதில்லை. ‘உனக்குப் பிள்ளை பிறந்துவிட்டதாமே, மகிழ்ச்சி’ என்று, இன்னும் நடவாததை நடந்து முடிந்ததாகவே சொல்வார்கள். சொன்னது பலிக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நம் கேள்வி நடந்ததை உறுதி செய்கிறது. அவர்கள் கூற்று நடவாததை நடந்ததாக்குகிறது. வழி இரண்டு. ஆனால் புத்தாண்டின் வாசலில் நின்றுகொண்டு எதிர்காலத்தை இறந்தகாலத்தில் பேசும் துணிவு இரண்டு மொழிகளிலும் இருக்கிறதே, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

சொல்லோடு பணமும் வருகிறது. காணும் பொங்கலன்று காலில் விழுந்து எழும் பேரப்பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசி, “நல்லாயிரு” என்று சொல்லிக் கையில் மடித்த நோட்டைத் திணிக்கும் தாத்தாக்கள் இங்கே. செபே செய்து நிமிரும் பிள்ளைக்குப் புது நோட்டு கொடுக்கும் தாத்தாக்கள் அங்கே. 2009இல் அங்கே 50,000 வோன் நோட்டு வெளியான பிறகு கொடுக்கும் தொகையும் கனத்துவிட்டது. அந்த நோட்டில் இருப்பவர் ஓவியர் சின் சைம்தாங், கொரிய நோட்டில் இடம்பெற்ற முதல் வரலாற்றுப் பெண். அவருடைய மகன் யி ஈ 5,000 வோன் நோட்டில் இருக்கிறார். பண்டிகைக் காலையில் தாயும் மகனும் ஒரே சட்டைப்பையில் சேர்ந்துவிடுகிறார்கள்.

இனி, யாருக்கு யார் என்ன உறவு? இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

கொரிய மொழியில் அப்பாவின் அண்ணனுக்குக் ‘குன் அபொஜி’ என்று பெயர். சொல்லுக்குச் சொல், பெரிய அப்பா. தம்பிக்குச் ‘சாகுன் அபொஜி’, சின்ன அப்பா. பெரியப்பா, சித்தப்பா என்று அழைத்து வளர்ந்த நமக்கு இதில் விளக்க எதுவுமில்லை. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று ஒரே கூடையில் கொட்டுபவர்களுக்குத்தான் விளக்க வேண்டும். பண்டிகைக்கு எல்லாரும் கூடும் மூத்தவர் வீட்டுக்குக் ‘குன்ஜிப்’, பெரிய வீடு, என்று பெயர். பெரியப்பா வீட்டுக்குப் போகிறோம் என்று நம் பிள்ளைகள் சொல்வதும் அந்தப் பிள்ளைகள் சொல்வதும் ஒரே வாக்கியம்தான்.

அம்மா பக்கம் திரும்பியதும் பாதை பிரிகிறது. கொரியர்கள் அம்மாவின் உறவுகளுக்கெல்லாம் முன்னால் ‘வே’ என்ற ஓர் அசை சேர்க்கிறார்கள். ‘வெளி’ என்று பொருள். அம்மாவைப் பெற்றவள் வெளிப்பாட்டி. அம்மாவின் சகோதரன் வெளிமாமன். நம் வீட்டிலோ அம்மாவின் சகோதரனுக்குப் பெயர் தாய்மாமன். காது குத்துவது அவர் மடியில். சடங்கு, கல்யாணம் எதிலும் முதல் மரியாதை அவருக்கு. அவரை ‘வெளி’ என்று அழைக்கும் தைரியம் எந்தத் தமிழ் வீட்டுக்கும் வராது. ஒரே உறவுக்கு ஒரு மொழி வாசலுக்கு வெளியே இடம் கொடுத்திருக்கிறது. இன்னொன்று மணவறையில் இடம் கொடுத்திருக்கிறது.

கணக்கிலும் அப்படித்தான். கொரியர்கள் உறவை எண்ணால் அளக்கிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரு ‘சோன்’, உடன்பிறந்தோருக்கு இரண்டு. சித்தப்பா மூன்று, அதனால் அவருக்குச் ‘சம்சோன்’, மூன்று சோன், என்றே ஒரு பெயர். அவர் பிள்ளைகள் ‘சாசோன்’, நான்கு சோன். கணவன் மனைவிக்கு மட்டும் சோன் கிடையாது. அந்த எண் சட்டத்திலும் ஏறியிருக்கிறது: எட்டு சோனுக்குள் திருமணம் கூடாது. நாமோ உறவை முறையால் அளக்கிறோம். அத்தை மகளும் சித்தப்பா மகளும் கொரியக் கணக்கில் ஒரே நான்கு. நம் கணக்கில் ஒருத்தி முறைப்பெண், இன்னொருத்தி தங்கை. காணும் பொங்கலன்று முறைக்காரர்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் ஊர்களின் சிரிப்பை எந்தச் சொல்லால் வீட்டிலும் கேட்க முடியாது. எண் என்பதே நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது: ‘ஒன்றுவிட்ட’ அண்ணன், ‘இரண்டுவிட்ட’ சித்தி. கடந்து வந்த படிகளை அவர்கள் எண்ணுகிறார்கள். நாம் எண்ணுவது விட்டுப்போன படிகளை.

அம்மா பக்கத்தை வெளி என்றால், அம்மா என்ன செய்வாள்? கொரியச் சொல்லாலின் நெடுங்காலத் தகராறு இதுதான். புகுந்த வீட்டுக்குச் ‘சிதேக்’, பிறந்த வீட்டுக்குச் ‘சின்ஜொங்’ என்று நம்மைப் போலவே அவர்களிடமும் இரண்டு சொற்கள் உண்டு. வழக்கப்படி மருமகள் முதலில் புகுந்த வீட்டில் படையலுக்குச் சமைத்து முடிக்க வேண்டும். தன் தாய் முகம் பார்ப்பது அன்று மாலையோ மறுநாளோ. மாவில் தோய்த்துச் சுட்டெடுக்கும் ‘சொன்’ பண்டங்களுக்காகச் சட்டியின் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்து, ஊர் திரும்பியதும் உடம்பும் மனமும் நொந்து போவதற்குப் ‘பண்டிகை நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கன்பூசிய மரபின் காவலாகக் கருதப்படும் சங்க்யுன்க்வான் 2022இல், எண்ணெயில் சுட்ட பண்டங்கள் படையலுக்குக் கட்டாயமில்லை என்று அறிவித்தது. நூற்றாண்டுகளாகப் பெண்கள் சுட்டதை, வேண்டியதில்லை என்று சொல்ல மரபே முன்வந்தது பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் திசை தலைகீழ். இங்கே பெண் பிறந்த வீட்டுக்குப் போகாவிட்டாலும் பிறந்த வீடு அவளைத் தேடி வருகிறது. தலைப்பொங்கலுக்கு வெண்கலப் பானை, அரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், தேங்காய் என்று அண்ணனோ தம்பியோ சுமந்து வருவான். பொங்கல் சீர் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் பொங்கல்படி. என் ஆச்சிக்கு எழுபது வயதைத் தாண்டியும் அவள் தம்பி கரும்போடு வாசலில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அன்று முழுவதும் அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. அங்கே பெண் நகர்கிறாள், வீடு நிற்கிறது. இங்கே பெண் நிற்கிறாள், வீடு நகர்கிறது. இதில் நாம் உயர்ந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சீர் குறைந்தால் புகுந்த வீட்டில் எழும் பேச்சும், அதற்காகக் கடன் வாங்கும் அண்ணன்களும் நாம் அறிந்தவைதாம். பானைக்கு முன்னால் புகையில் கண் கலங்குவதும் இரண்டு நாட்டிலும் பெண்தான்.

அரசாங்கமும் இந்த உறவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1896இல் கொரியா சூரிய நாட்காட்டிக்கு மாறியது. ஜப்பானிய ஆட்சியில் சொல்லால் ‘பழைய ஆண்டுப் பிறப்பு’ என்று ஒதுக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு வந்த அரசுகளும் இரட்டைச் செலவு என்று அதைத் தடுக்கவே பார்த்தன. மக்கள் விடவில்லை. 1985இல் ‘நாட்டார் நாள்’ என்று பெயர் மாற்றி ஒரு நாள் விடுமுறை கொடுத்தார்கள். 1989இல்தான் சொல்லால் என்ற பெயரும் மூன்று நாள் விடுமுறையும் திரும்பின. தமிழ்நாட்டிலோ 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011இல் அது நீக்கப்பட்டது. அங்கே அரசு பறிக்க முயன்றது, ஆண்டுப் பிறப்பு என்னும் தகுதியை. இங்கே அரசு கொடுக்க முயன்றது, அதே தகுதியை. இரண்டு இடத்திலும் அடுப்பு தன் நாளில்தான் எரிந்தது. 1983 முதல் ரேஷன் கடை வழியே வரும் இலவச வேட்டி சேலை மட்டும் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது. தாத்தா கையால் வாங்குவது போன்றது அது என்பதால் இருக்கலாம்.

பண்டிகை எப்போது முடிகிறது? சொல்லாலுக்குப் பதினைந்தாம் நாள், ஆண்டின் முதல் முழுநிலவு. பைன் கிளை, வைக்கோல், மூங்கில் எல்லாம் குவித்து ஒரு வீடு கட்டுவார்கள். ‘தால்ஜிப்’, நிலா வீடு. நிலா எழும்போது அதற்குத் தீ வைப்பார்கள். அதுவரை பிள்ளைகள் விட்டு விளையாடிய பட்டங்களில் கெடுதல் போகட்டும் என்று எழுதி, அன்று நூலை அறுத்து விட்டுவிடுவார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்தில் சிறுமிகள் மார்கழியில் வாசலில் மண்ணால் ஒரு வீடு கட்டுவார்கள். சிறுவீடு. மாதமெல்லாம் கோலத்தில் சாண உருண்டையில் செருகிய பூசணிப் பூக்களை எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். பெரிய பொங்கல் முடிந்து தையில் ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் சிறுவீட்டுப் பொங்கல். பொங்கியதும் எருவைத் தூக்கிக்கொண்டு தாமிரபரணிக்குப் போவார்கள்.

அவர்கள் வீடு நெருப்போடு போகிறது, நம் பூக்கள் நீரோடு போகின்றன. அங்கே அறுந்த பட்டத்தை யாரும் துரத்தக் கூடாது, எடுத்தவருக்குக் கெடுதல் சேரும் என்பார்கள். இங்கே நாங்கள் எருவின் மேல் சூடம் ஏற்றி ஆற்றில் விட்டுவிட்டு, அது படித்துறை வளைவைத் தாண்டும்வரை கரையிலேயே கூட ஓடுவோம். வளைவில் நாணல் அடர்ந்து வழி நின்றுவிடும். அதற்கு மேல் போகாதே என்று ஆச்சி மேல்படியிலிருந்து கூப்பிடுவாள்.